‘1,499 முதல்’ டிக்கெட்டுக்குக் கடைசியில் எவ்வளவு கட்டுகிறோம்?

பொங்கலுக்கு ஊருக்குப் போக மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ விமான டிக்கெட் தேடும் பெங்களூர்த் தமிழர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. விளம்பரத்தில் ‘1,499 முதல்’ என்று இருக்கும். தேதி போட்டுத் தேடினால் 3,200. பணம் கட்டும் பக்கம் வரும்போது தலைக்கு நாலாயிரத்தைத் தாண்டி நிற்கும். நடுவில் எங்கே ஏறியது என்று திரும்பிப் பார்க்கப் பொறுமை இருக்காது, ஏனென்றால் மேலே ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்.

பெட்டி, சாப்பாடு, சீட் என்று தனித்தனியாக விற்பதில் தப்பில்லை. கைப்பையோடு போகிறவர் பக்கத்து சீட்காரரின் பெட்டிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? மோசடி வாடை அடிப்பது மூன்று இடங்களில்தான்: விலையைத் தாமதமாகச் சொல்வது, நாம் கேட்காததைக் கூடையில் போட்டு வைப்பது, திருப்பித் தர வேண்டிய பணத்தைக் கேட்டால்தான் தருவது. இந்த மூன்றுக்கும் இந்தியாவில் விதி இருக்கிறது. ஆனால் விதி தானாக வந்து காப்பாற்றாது. எந்தப் பக்கத்தில் எதை அழுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். கணவன், மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், பெங்களூரிலிருந்து மதுரைக்கு ஒருவழி. தலைக்கு 3,200 என்றால் 12,800. வரும் பக்கங்களில் எல்லாம் ‘தொடர்க’ என்று அழுத்திக்கொண்டே போனால்: சீட்டுக்கு 300 வீதம் 1,200, சாப்பாட்டுக்கு 400 வீதம் 1,600, காப்பீட்டுக்கு 249 வீதம் 996, கன்வீனியன்ஸ் கட்டணம் (இணையத்தில் டிக்கெட் எடுக்கும் வசதிக்கு வாங்குவது) 350 வீதம் 1,400. மொத்தம் 17,996. ஒன்றேகால் மணி நேரப் பயணத்துக்கு 5,196 ரூபாய் கூடுதல். இதில் கட்டியே தீர வேண்டியது அந்த 1,400 மட்டும். மீதி 3,796 ரூபாயும் வேண்டாம் என்று சொல்லக்கூடியது.

தேடுவதற்கு முன்பே பெட்டியை முடிவு செய்யுங்கள்

பலர் முதலில் விலையைப் பிடித்துவிட்டு அப்புறம் பெட்டியைப் பற்றி யோசிக்கிறார்கள். அது தலைகீழ். உள்நாட்டுச் சாதாரணக் கட்டணத்தில் பொதுவாகக் கைப்பை 7 கிலோ, செக்-இன் பெட்டி 15 கிலோ. ஆனால் செக்-இன் பெட்டியே இல்லாத ‘லைட்’ வகைக் கட்டணங்களும் வந்துவிட்டன. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2024 பிப்ரவரியில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. தேடல் பட்டியலில் மேலே மலிவாக நிற்பது அந்த வகையாக இருக்கலாம். விலையைத் தொடும் முன் கட்டண வகையின் பெயரைத் தொட்டு, பெட்டி எத்தனை கிலோ என்று பாருங்கள்.

போகும்போது பெட்டி காலியாக இருக்கும்; திரும்பும்போதுதான் கனக்கும். நடுத்தர அளவு உருளைப் பெட்டியே மூன்றரை முதல் நாலரை கிலோ இருக்கும். 15-இல் மிஞ்சுவது பத்தரை, பதினொன்று. அதில் இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் கிட்டத்தட்ட 1.8 கிலோ, இட்லிப் பொடி ஒரு கிலோ, அத்தை கொடுத்த ஐந்து கிலோ அரிசி என்று வைத்தாலே துணிக்கு மூன்று கிலோதான் மிச்சம். கவுண்டரில் கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 500 ரூபாய்க்கு மேல் வாங்குகிறார்கள். மூன்று கிலோ கூடினால் 1,500. அந்த அரிசியை பெங்களூரில் வாங்கினால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே கூடுதல் பேக்கேஜ் வாங்குவதென்றால் திரும்பும் பயணத்துக்கு மட்டும் வாங்குங்கள். 3, 5, 10 கிலோ என்று முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது கவுண்டர் விலையைவிடக் குறைவு. டிக்கெட் எடுக்கும் அன்றே வாங்க வேண்டியதில்லை. ஊரில் பெட்டி கட்டி எடை பார்த்த பிறகும், விமானம் கிளம்பச் சில மணி நேரம் முன்வரை, செயலியில் சேர்க்கலாம். லக்கேஜ் தராசு இல்லாவிட்டால் ஆள் எடை பார்க்கும் இயந்திரம் போதும்: பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை ஏறி, வித்தியாசத்தைப் பாருங்கள். அரைக் கிலோ இடைவெளி விடுங்கள், வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒன்றுபோல் சொல்லாது.

இன்னொரு பொறி: 15 கிலோ என்பது பல நிறுவனங்களில் ஒரே உருப்படிக்கு. எட்டு கிலோ பெட்டியும் ஆறு கிலோ அட்டைப்பெட்டியுமாகக் கொண்டுபோனால், எடை 14 ஆக இருந்தும் இரண்டாவது உருப்படிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஒரே பி.என்.ஆர்.-இல் நான்கு பேர் என்றால் எடையைச் சேர்த்துப் பார்ப்பது பெரும்பாலும் நடக்கும். அதற்கு நால்வரும் சேர்ந்தே கவுண்டருக்குப் போக வேண்டும். கொப்பரைத் தேங்காயை செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள், எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

‘இந்த விலையில் 2 சீட் மட்டுமே’

இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் விமானத்திலேயே இரண்டு சீட்தான் மிச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை வேறு. ஒரே விமானத்தின் சீட்டுகளைப் பல விலைத் தட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்த்தட்டு தீர்ந்தால் அடுத்த தட்டு திறக்கும். அந்த அறிவிப்பு சொல்வது தட்டின் கணக்கு. அது நிஜமாகவும் இருக்கலாம், வெறும் மிரட்டலாகவும் இருக்கலாம்.

இதில் குடும்பங்கள் நஷ்டப்படும் இடம் ஒன்று உண்டு. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ்த்தட்டில் இரண்டு சீட்தான் இருந்தால், நான்கு பேருக்கும் மேல்தட்டு விலையே காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு நால்வருக்கு என்று தேடிப் பாருங்கள். விலை மாறினால் இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து எடுங்கள். பிரிக்கும்போது பெற்றோர் இருவரும் ஒன்று, பிள்ளைகள் இருவரும் ஒன்று என்று பிரித்துவிடாதீர்கள். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று ஜோடி போடுங்கள். காரணம் அடுத்த பகுதியில். கன்வீனியன்ஸ் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் நிறுவனங்களில் பிரிப்பதால் கூடுதல் செலவும் இல்லை.

விளம்பரத்து ‘முதல்’ என்ற சொல்லுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தூண்டில் விளம்பரத்தைக் கட்டுப்படுத்துகின்றன: சொன்ன விலைக்கு விற்கும் நியாயமான வாய்ப்பு இல்லாமல் அந்த விலையைக் காட்டி இழுக்கக் கூடாது. சலுகை அறிவித்த முதல் நாளிலேயே எந்தத் தேதியிலும் அந்த விலை கிடைக்காவிட்டால், விளம்பரத்தையும் தேடல் முடிவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பக்கம் பக்கமாக வேண்டாம் சொல்வது

சீட் வரைபடம் வரும் பக்கம்தான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. சீட் தேர்ந்தெடுக்காமல் மேலே போக முடியாது என்பதுபோல் வடிவமைத்திருப்பார்கள். கீழே மூலையில், சின்ன எழுத்தில், ‘தவிர்’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கும். அதை அழுத்துங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கை இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. சீட், சாப்பாடு, செக்-இன் பேக்கேஜ், லவுஞ்ச் போன்றவற்றைத் தனியாக விற்கலாம், ஆனால் பயணி தானாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே. முன்பே சேர்த்துவிட்டு ‘வேண்டாமென்றால் எடுத்துவிடு’ என்று சொல்லக் கூடாது. இரண்டாவது, 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அதே பி.என்.ஆர்.-இல் வரும் பெற்றோரிலோ காப்பாளரிலோ ஒருவர் அருகிலாவது சீட் ஒதுக்க வேண்டும். ‘பிள்ளை தனியாக உட்கார நேரும்’ என்ற பயத்தில் காசு கட்டத் தேவையில்லை. விதி பி.என்.ஆர்.-ஐ வைத்துத்தான் வேலை செய்கிறது, அதனால்தான் ஜோடி போட்டுப் பிரிக்கச் சொன்னது.

வெப் செக்-இன் பெரும்பாலும் 48 மணி நேரம் முன்பு திறக்கும். அப்போதும் இலவச சீட் கண்ணில் படாதபடி எல்லாமே விலையோடு நிற்கலாம். சீட் தேர்ந்தெடுக்காமல் விட்டால் தானாக ஒன்று ஒதுக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. இணையத்தில் முடியாவிட்டால் கவுண்டருக்குப் போங்கள். அங்கே போர்டிங் பாஸ் அச்சிட்டுத் தரக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

காப்பீட்டுப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். ‘ஆம், என் பயணத்தைப் பாதுகாக்கிறேன்’ என்பது பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கும். மற்றது சாம்பல் நிறத்தில், ‘வேண்டாம், ஆபத்தை நானே ஏற்கிறேன்’ என்று இருக்கும். மறுப்பவரைக் குற்றவாளிபோல் உணரவைக்கும் இந்த வித்தைக்கு, 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட ‘டார்க் பேட்டர்ன்’ (வாங்குபவரை ஏமாற்றும் தள வடிவமைப்பு) வழிகாட்டுதல்களில் தனிப் பெயரே இருக்கிறது. அந்தப் பட்டியலில் மொத்தம் 13 தந்திரங்கள். மறுப்பவரை வெட்கப்படவைக்கும் தந்திரத்துக்கு அவர்கள் கொடுத்திருக்கும் உதாரணமே விமான டிக்கெட்டில் காப்பீட்டை மறுக்கும் பொத்தான்தான். சொல்லாமல் கூடையில் சேர்ப்பது, பொய் அவசரம், சொட்டுச் சொட்டாக விலை ஏற்றுவது மூன்றும் அதே பட்டியலில் உண்டு. சாம்பல் பொத்தானை அழுத்துங்கள், ஒன்றும் ஆகாது.

தர்மத்துக்குப் பத்து ரூபாய் என்ற டிக், முன்னுரிமை செக்-இன், ‘இலவச ரத்து’ என்ற பெயரில் காசுக்கு விற்கும் சேவை எல்லாம் இதன் பிறகு வரும். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஒரு கணக்கு வேண்டும். நீங்கள் ரத்து செய்தால் இழக்கக்கூடிய அதிகபட்சத் தொகைக்கு விதி உச்சவரம்பு வைத்திருக்கிறது, கீழே வருகிறது. ‘இலவச ரத்து’ அதில் நான்கில் ஒரு பங்கு விலை கேட்டால், நான்கில் ஒருமுறையாவது ரத்து செய்கிறவருக்குத்தான் கட்டுபடியாகும்.

கன்வீனியன்ஸ் கட்டணத்தைத் தவிர்ப்பது கடினம். ஆனாலும் பணம் கட்டும் வழியைப் பொறுத்து அது மாறுவதுண்டு: கார்டு, நெட் பேங்கிங், யு.பி.ஐ. மூன்றையும் தொட்டுப் பார்த்து மொத்தத்தைக் கவனியுங்கள். போக, வர சேர்த்து எடுத்தால் இரண்டு முறை கணக்காகும். டிக்கெட் விற்கும் தளங்களில் ‘500 ரூபாய் தள்ளுபடி’ கூப்பன் போட்டவுடன் மகிழாதீர்கள். அங்கே கன்வீனியன்ஸ் 450 என்றால் தள்ளுபடி 50 ரூபாய்தான். ஒப்பிட வேண்டியது ஓ.டி.பி. கேட்பதற்கு முந்தைய பக்கத்தில் நிற்கும் கடைசித் தொகை. முதல் பக்கத்து விலைக்கு எந்த மதிப்பும் இல்லை.

டிக்கெட்டை உரித்துப் பார்த்தால்

பணம் கட்டும் முன் ‘கட்டண விவரம்’ என்பதைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பின்னால் இதுதான் ஆயுதம். நம் 3,200 ரூபாய் டிக்கெட் இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம்: அடிப்படைக் கட்டணம் 2,100, எரிபொருள் கட்டணம் 300, இந்த இரண்டின் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 120, பாதுகாப்புக் கட்டணம் 200, விமான நிலையப் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் 480. பாதுகாப்புக் கட்டணம் உள்நாட்டுப் பயணத்துக்கு 2021 ஏப்ரலிலிருந்து 200 ரூபாய். பயனாளர் கட்டணம் நிலையத்துக்கு நிலையம் மாறும்.

ரத்து செய்தால் நிறுவனம் பிடித்துக்கொள்ளக்கூடிய உச்சம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் மட்டும், அதாவது இங்கே 2,400. ‘ரத்துக் கட்டணம் 3,500’ என்று தளத்தில் போட்டிருந்தாலும் இந்த வரம்பு உண்டு. சட்டப்படியான வரிகள், பயனாளர் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் திரும்பி வர வேண்டும். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று எழுதிய சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். விமானத்தைத் தவறவிட்டாலும் பொருந்தும். விமான நிலையம் போகும் வழியில் ஹெப்பாலில் வண்டி நகராமல் விமானம் போய்விட்டால் பலரும் மொத்தமும் போச்சு என்று விட்டுவிடுகிறார்கள். பாதுகாப்புக் கட்டணத்தையும் பயனாளர் கட்டணத்தையும் மட்டும் எண்ணினாலே தலைக்கு 680, நால்வருக்கு 2,720 ரூபாய் நிறுவனத்திடம் கிடக்கிறது. கேட்க வேண்டும். தளத்தின் ரீஃபண்ட் பகுதியிலோ மின்னஞ்சலிலோ ‘பயணம் செய்யாத டிக்கெட்டின் வரியும் கட்டணங்களும் திருப்பித் தருக’ என்று பி.என்.ஆர்.-உடன் எழுதினால் போதும். ரீஃபண்டைச் செயல்படுத்தத் தனிக் கட்டணம் பிடிக்கக் கூடாது. கார்டில் கட்டியிருந்தால் 7 நாளில் கார்டுக்கே வர வேண்டும். கிரெடிட் ஷெல் என்று நிறுவனத்திலேயே பணத்தை வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். அவர்களாக அதில் தள்ள முடியாது. ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் ரீஃபண்ட் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான்.

பெயரில் எழுத்துப் பிழை, தேதித் தவறு இரண்டும் அதிகம் நடப்பவை. 2019-இல் வந்த பயணிகள் சாசனம், விமானம் கிளம்ப 7 நாளாவது இருந்தால், எடுத்த 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்ய வழி கொடுத்தது. நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் பெயர்த் திருத்தமும் இலவசம். இப்போது எத்தனை மணி நேரம் தருகிறார்கள் என்பதை நிறுவனத்தின் விதிமுறைப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வந்தவுடன் ஆதாரை எடுத்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம்மவர்களுக்கு இனிஷியல்தான் தலைவலி: ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்று கேட்கும் இடத்தில் அப்பா பெயரை முழுதாகப் போடுவதா, பெயரையே இரண்டு தடவை போடுவதா என்று குழம்புவார்கள். அந்த நிறுவனத்தின் குறிப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

விமானம் ரத்தானால், தாமதமானால்

மலிவு டிக்கெட்டுக்கு இழப்பீடும் மலிவுதான், அது பலருக்குத் தெரியாது. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் நிறுவனம் ரத்து செய்தால், ஒரு மணி முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு இழப்பீடு 7,500 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. நம் உதாரணத்தில் 2,400. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு உச்சம் 5,000, இரண்டு மணிக்கு மேல் 10,000. டிக்கெட் பணமோ மாற்று விமானமோ இதற்கு மேல் தனி. வெள்ளம், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு போன்ற காரணங்களுக்கு இழப்பீடு இல்லை.

தாமதத்துக்குப் பணமாக எதுவும் இல்லை. மதுரை, கோவை, சென்னை போன்ற குறுந்தூரத்துக்கு 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் அல்லது முழு ரீஃபண்ட், தேர்வு உங்களுடையது. கேட் அருகில் கும்பலாகக் கத்துவதைவிட, கவுண்டரில் போய் ‘சாப்பாட்டுக் கூப்பன் எங்கே தருகிறீர்கள்’ என்று அமைதியாகக் கேட்பது வேகமாக வேலை செய்யும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிப் பக்கம் விடியற்காலைப் பனிமூட்டம் இருக்கும். ஆறு மணி விமானம் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால், பனிக்கு இழப்பீடு கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சீட்டுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு உங்களை ஏற்ற மறுத்தால் கதை வேறு. ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் தராமல், 24 மணி நேரத்துக்குள் கிளம்புவதைத் தந்தால் இழப்பீடு அடிப்படை மற்றும் எரிபொருள் கட்டணத்தின் 200 சதவீதம், உச்சம் 10,000. அதற்கும் மேலானால் 400 சதவீதம், உச்சம் 20,000.

புகார் கொடுக்கும் வரிசை

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல், தொலைபேசி வேண்டாம். நாலே வரி போதும்: பி.என்.ஆர்., பயணத் தேதி, என்ன நடந்தது, எவ்வளவு தொகை, எந்த விதி. ரீஃபண்டுக்கு டி.ஜி.சி.ஏ. விதிகளின் பிரிவு 3, தொடர் எம், பகுதி 2. ரத்து, தாமதம், ஏற்ற மறுத்தலுக்கு அதே தொடரில் பகுதி 4. பகுதி எண்ணைக் குறிப்பிட்டாலே பதிலின் தொனி மாறும். ஸ்கிரீன்ஷாட்களை இணையுங்கள்.

பதில் வராவிட்டால், விமானப் பயணிகளின் புகாருக்கான அரசுத் தளமான ஏர்சேவாவில் பதியுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். டார்க் பேட்டர்ன் புகார்களுக்கு 1915-தான் சரியான இடம்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஹலசூரில் இருப்பவர் பெங்களூரிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். டிக்கெட், கட்டண விவர ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, மின்னஞ்சல் போக்குவரத்து, ஏர்சேவா எண் ஆகிய ஐந்தையும் தேதி வரிசைப்படி ஒரே பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.